செருப்புப் பெட்டிகளில் ஒரு இஞ்சின்

செருப்புக் கடையில் இருபத்தாறு வருஷமாக மண்டியிட்டு உட்கார்ந்தே காலம் தள்ளியவர் அவர். ஆள் படியேறும்போதே காலைப் பார்த்து, "எட்டு", "ஒன்பது", "இவருக்கு இடது கால் மட்டும் அரை நம்பர் பெரிசு" என்று சொல்லிவிடுவார். அதனால் கடையில் எல்லோருக்கும் அவர் அளவுக்காரர். "ஊர்க் காலையெல்லாம் பிடிச்சாச்சு, இனி யார் காலைப் பிடிச்சு என்ன ஆகணும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எட்டு மாதத்துக்கு முன்னால் வரை அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த மனுஷன்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை நடுப்பகல். அவருக்கு அன்று வார விடுமுறை. மாமியாரின் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். "அம்மாவுக்கு ரொம்ப முடியலை. மக பேரையே சொல்லிச் சொல்லிக் கூப்பிடுறாங்க. உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். மாமியார் இருந்தது ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில். அளவுக்காரரின் மனைவிக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் போர்வை மடிக்கும் வேலை. வேலை நேரத்தில் அங்கே எல்லோருடைய போனையும் வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். ஆபீசில் ஒரு போன் உண்டு. அதற்குக் கூப்பிடத்தான் அவர் நம்பரைத் தேடினார். பிறகு, இப்படிப்பட்ட சேதியை யாரோ ஒருத்தர் வாயால் அவள் கேட்க வேண்டாம், நாமே போய்ப் பக்கத்தில் நின்று சொல்லலாம் என்று பைக்கை எடுத்தார்.

பாதி வழியில் இஞ்சின் ஒரு முனகு முனகி அப்படியே இறுகிவிட்டது. ஒரு மாதமாகவே வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி இரண்டு தடவை சொல்லியும் விட்டாள். "பாக்கலாம், பாக்கலாம்" என்றே நாளைக் கடத்தியிருந்தார். உள்ளே சொட்டு ஆயில் இல்லாமல் ஓடிய இரும்பு இரும்போடு ஒட்டிக்கொண்டது. அவர் வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். ஓரமாகச் சாய்த்துவிட்டு ஒரு பஸ்ஸில் ஏறியிருக்கலாம். அது தோன்றாமலும் இல்லை. பூட்டு கெட்ட வண்டி, விட்டுவிட்டுப் போனால் எவனாவது உருட்டிக்கொண்டு போய்விடுவான் என்று மனசு சொன்னது. இதோ அடுத்த திருப்பம், இதோ அடுத்த கடை என்று தள்ளிக்கொண்டே போனார். லாண்டரி வாசலை அடைந்தபோது அவள் வேலை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் சட்டைப்பையில் போன் அடித்தது. மாமியார் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை. சண்டை இல்லை, அழுகை இல்லை, பாத்திரம் உடையவில்லை. சுவர்க் கடிகாரத்தோடு பேச ஆரம்பித்தாள்.

"மணி ஒன்பதாகுது. சில பேருக்குக் கடை திறக்கணும்," என்பாள் கடிகாரத்தைப் பார்த்து.

"கிளம்பிட்டேன்னு சொல்லு," என்று அவரும் கடிகாரத்துக்கே பதில் சொல்வார். அந்த வீட்டில் இவ்வளவு பேச்சுக்கு ஆளான கடிகாரம் ஐந்து நிமிஷம் பிந்தி ஓடியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பைக் பின்கட்டில் ஒரு சாக்கு மூடிக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் துணி காயப்போடப் போக வேண்டும். அவள் ஒரு நாளும் அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

அப்புறம் அவளுடைய அக்காவிடமிருந்து சேதி வந்தது. அட்வான்ஸில் கழிந்துகொண்டிருந்த அம்மாவின் வாடகை வீட்டை அடுத்த மாதக் கடைசியில் ஒப்படைக்க வேண்டும், கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து சாமான்களை ஒழித்துவிடலாம் என்று. அவள் அதைக் கடிகாரத்திடம் சொன்னாள். அளவுக்காரர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த ஞாயித்துக்கிழமை நானே பைக்ல கூட்டிட்டுப் போறேன்," என்றார். கடிகாரத்திடம் அல்ல, அவளிடமே.

அவள் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூழ்குகிறவனுக்குத் துரும்பு போதாதா? அதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எந்த வண்டி அன்றைக்கு அவர் காலை வாரியதோ, அதே வண்டியைத் தன் கையாலேயே பிரித்துப் பூட்டி, அதில் அவளை அந்த வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டால், அவள் இறங்கும்போது ஒரு வார்த்தையாவது சொல்வாள். "பார்த்து நிறுத்துங்க" என்றாவது சொல்வாள். அது போதும் அவருக்கு. இருந்தது ஐந்து வாரம்.

தெருமுனையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்குக்கு மசகு என்று பேர். பிறந்தபோது வைத்த பேர் அவனுக்கே மறந்திருக்கும். அவன் வந்து கிக்கரை அழுத்திப் பார்த்தான். அது அசையவில்லை.

"அண்ணே, இது இஞ்சின் இல்ல, இரும்புப் பொணம். பிஸ்டன் போச்சு, சிலிண்டர் போர் போச்சு. கியர் பாக்ஸும் சேத்துப் பிரிக்கணும், உள்ள தூள் இறங்கியிருக்கும். பட்டறையில விட்டுட்டுப் போங்க."

"நானே பிரிச்சுக்கிறேன்பா."

"நீங்களா? சைக்கிள் செயின் கழண்டா அக்கம்பக்கம் ஆள் தேடுவீங்களே."

"கெடுத்தவன் நான். சரி பண்றதும் நானா இருக்கணும்."

மசகு அவர் முகத்தைப் பார்த்தான். அதற்கு மேல் கேலி செய்ய அவனுக்கு மனசு வரவில்லை. "அப்ப ஒண்ணு செய்யுங்க. கழட்டுறதெல்லாம் கழட்டுற வரிசையிலேயே வைங்க. எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னைக் கூப்பிடுங்க. வெக்கப்படாதீங்க," என்று நாலு ஸ்பானரும் ஒரு மர சுத்தியலும் இரவல் கொடுத்துவிட்டுப் போனான்.

சாப்பாட்டு மேசை மேல் பழைய போர்வை விரித்து அவர் இஞ்சினைத் தூக்கி வைத்தார். காலை ஆறரை முதல் ஒன்பது வரை வேலை. போனில் ஓடிய வீடியோவில் ஓர் ஆள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு இதே மாதிரி ஓர் இஞ்சினைப் பிரித்துக் காட்டினான். அவன் கைபட்ட போல்ட்டெல்லாம் வாழைப்பழத் தோலைப் போலக் கழன்றது. இவர் கைபட்டது, மாமியார் வீட்டுக்குப் போக மறுக்கும் மருமகள் மாதிரி இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு போல்ட்டின் தலை உருண்டுபோனது. இரண்டு விரல் நசுங்கியது. நகக்கண்ணில் ஏறிய கறுப்பைப் பார்த்துக் கடையில் ஒரு அம்மாள், "என் காலைத் தொடுறதுக்கு முன்னால கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள். கழுவித்தான் இருந்தார். மறுபடியும் போய்க் கழுவிக்கொண்டு வந்தார்.

கழற்றியதை வைக்க அவரிடம் செருப்புப் பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. மசகு சொன்னது வரிசை. ஆனால் இருபத்தாறு வருஷத்துக் கை வேறொன்று அறியும்: ஜோடி. ஒற்றைச் செருப்பு கண்ணில் பட்டால் அதன் இணையைத் தேடிச் சேர்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. ஒரே மாதிரி இருந்த இரண்டு வாஷர் ஒரு பெட்டியில், இரண்டு பேரிங் ஒரு பெட்டியில் என்று சேர்த்தார். கியர்களை இப்படியும் அப்படியும் தள்ளுவதற்கு உள்ளே கவட்டை மாதிரி இரண்டு இரும்புத் துண்டுகள் இருந்தன. அவையும் பார்க்க அசல் ஜோடிச் செருப்புத்தான். ஒன்றின் வளைவு கொஞ்சம் இந்தப் பக்கம், மற்றதன் வளைவு கொஞ்சம் அந்தப் பக்கம். இரண்டிலும் சீட்டுக் கட்டி "இடது", "வலது" என்று எழுதினார்.

இங்கேதான் பாருங்கள், வினை விளைந்தது. செருப்புக் கடையில் மண்டியிடுகிறவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் இடதுதான் இடது. தன் வலக்கைப் பக்கம் இருப்பதைத்தான் அவன் நாள் முழுக்க இடது என்று சொல்வான். இஞ்சினையும் அவர் எதிரே உட்கார்ந்த ஆளாகப் பாவித்துத்தான் சீட்டு எழுதினார். எழுதும்போது அதில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் இருந்தது.

சிலிண்டர் லேத் பட்டறைக்குப் போய், உள்துளை புதிதாகக் கடையப்பட்டு, புதுப் போரோடு வந்தது. அதற்கேற்ற பிஸ்டன், ரிங், பேக்கிங், ஆயில் சீல் எல்லாம் வந்தன. நாலாவது வாரம் பூட்ட ஆரம்பித்தார். மேசை மேல் இப்போது இருந்தது பாதிக் கூடு. மல்லாக்கப் படுத்துக் கிடந்தது. அதற்கு முகம் எது, முதுகு எது? வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டவர், சீட்டைப் பார்த்தார், "இடது" என்றிருந்ததை இடக்கைப் பக்கம் வைத்தார். யாருக்கு இடது என்று அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

போனில் வெள்ளைக் கையுறைக்காரன் கூட்டை மூடும் முன் கையால் ஒவ்வொரு கியராகப் போட்டுச் சுற்றிக் காட்டினான். இவரும் போட்டார். முதல் கியர் விழுந்தது, சுற்றியது. இரண்டாவது விழ மறுத்தது. அழுத்தினார். பாதி விழுந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

மசகைக் கூப்பிட்டிருக்கலாம். வெட்கம் ஒரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை நெருங்கியது ஒரு பக்கம். அதோடு வாழ்நாளெல்லாம் வாடிக்கைக்காரர்களிடம் சொன்ன ஒரு சொல், இப்போது அவரிடமே வந்து உட்கார்ந்துகொண்டது. புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும். நாலு நாள் போட்டு நடந்தால் காலுக்குத் தக்கபடி இளகிவிடும். எத்தனை ஆயிரம் பேரைப் படி இறக்கி அனுப்பியிருக்கிறார் இந்த வாக்கைச் சொல்லி! ஆயில் ஊற்றி ஓட்டினால் இதுவும் இளகிவிடும் என்று கூட்டை மூடி இறுக்கினார்.

பிஸ்டன் மேல் சிலிண்டரை இறக்கும் வேலை வெள்ளிக்கிழமை காலை. பிஸ்டனைச் சுற்றி மூன்று ரிங். மூன்றையும் விரலால் அமுக்கிப் பிடித்தால்தான் சிலிண்டர் இறங்கும். சிலிண்டரைத் தூக்கிப் பிடிக்கவே இரண்டு கை வேண்டும். ஒரு ரிங்கை அமுக்கினால் இன்னொன்று பிதுங்கியது. முக்கால் மணி நேரம் போராடினார். வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது.

அவள் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து மேசைக்கு எதிரே நின்றாள். வருஷக்கணக்காகப் போர்வை விளிம்பைப் பிடித்துப் பிடித்து இறுகிய விரல்கள் அவளுக்கு. மேல் ரிங்கை அமுக்கிப் பிடித்தாள். அவர் சிலிண்டரை இறக்கினார். நழுவாமல் உள்ளே போனது. இரண்டாவதை அமுக்கினாள். போனது. மூன்றாவதற்கு அவள் விரலும் அவர் விரலும் பக்கத்தில் பக்கத்தில் எண்ணெயில் இருந்தன. சிலிண்டர் முழுசாக இறங்கி உட்கார்ந்தது.

"மணி எட்டரை," என்றாள் கடிகாரத்திடம். போய்க் கை கழுவிக்கொண்டாள்.

அன்று கடையில் அளவுக்காரர் இரண்டு பேருக்குத் தப்பான நம்பர் எடுத்துக் கொடுத்தார். "என்னண்ணே, காத்துல மிதக்குறீங்க" என்று கல்லாப்பெட்டிக்காரன் கிண்டல் செய்தான். அவர் காதில் விழவில்லை. மேல் ரிங்கை அமுக்கியபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்ட விதமே கண் முன்னால் நின்றது.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டார். மூன்று மணிக்கு வண்டியைத் தெருவில் இறக்கினார். மசகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். கிக்கரைப் பதினேழு தடவை உதைத்தும் ஒன்றும் இல்லை. பதினெட்டாவது உதைக்கு ஒரு தும்மல். அதற்கடுத்த உதைக்குப் புகையைக் கக்கிக்கொண்டு இஞ்சின் உயிர் பிடித்தது. குளிர்காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கினாலும் நிற்கவில்லை.

"அடப்பாவி அண்ணே," என்றான் மசகு. "நான் பட்டறைய மூடிட்டுச் செருப்புக் கடைக்கு வந்துர வேண்டியதுதான்."

அவள் வாசலில் வந்து நின்றாள். கையில் பாதி மடித்த துண்டு. அளவுக்காரர் அவளைப் பார்த்தார். அவள் வண்டியைப் பார்த்தாள்.

"ஒரு சுத்து சுத்திட்டு வந்துர்றேன்," என்று ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டார். வண்டி நகர்ந்தது. பழக்கடையைத் தாண்டியது, தண்ணீர்க் குழாயைத் தாண்டியது. இரண்டாவது கியரை மிதித்தார். கால் கடிக்கும் செருப்பை மிதிப்பது போல நன்றாகவே அழுத்தி மிதித்தார்.

உள்ளே இரண்டு கியர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. பின்சக்கரம் நின்றது. டமார் என்று ஒரு சத்தம். அவர் பக்கவாட்டில் சரிந்து விழுந்து, வண்டியோடு நாலடி இழுபட்டுப் போய்க் கிடந்தார். இஞ்சின் கூட்டின் அடியில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. காலையில் ஊற்றிய புது ஆயில், தேன் நிறத்தில், தெருவில் ஓடியது.

மசகுதான் முதலில் ஓடி வந்தான். வண்டியை நிமிர்த்தினான், விரலை வெடிப்பில் விட்டுப் பார்த்தான், உடைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த கவட்டைத் துண்டை இழுத்தான். வெகு நேரம் பார்த்தான்.

"ரெண்டும் இடம் மாறிப் போச்சுண்ணே. இது அந்தப் பக்கத்துது." அவன் குரலில் கேலி இல்லை. "கையால சுத்துறப்பவே ரெண்டாவது விழுந்திருக்காதே. என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

அளவுக்காரர் கையை நீட்டி அந்த இரும்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

அவள் மெதுவாகத்தான் வந்தாள். அவர் முழங்காலைப் பார்த்தாள். கையிலிருந்த துண்டை நீளவாக்கில் மடித்து இறுக்கிக் கட்டினாள்.

"எந்திரிங்க," என்றாள்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அவருக்கென்று வந்த முதல் சொல். முழங்கால் எரிந்துகொண்டிருந்தபோதே அந்த மனுஷனுக்கு அற்ப சந்தோஷம் ஒன்று எட்டிப் பார்த்தது.

வீட்டில் அவள் காயத்தைக் கழுவி மருந்து போட்டாள். அவர் மேசையருகே உட்கார்ந்திருந்தார். "கூடு போச்சாம். இனிமே அதை ஒண்ணும் பண்ண முடியாதாம்," என்றார்.

"கேட்டேன்."

"நாளைக்கு எப்படியாவது ஒரு வண்டி கேட்டுப் பாக்குறேன்."

"நான் பஸ்ல போறேன்."

"உன்னை அந்த வாசல்ல நானே கொண்டுபோய் விடணும்னு நினைச்சேன். அன்னைக்கு வண்டி மட்டும் ஓடியிருந்தா நேரத்துக்கு வந்திருப்பேன். நீ அம்மாவைப் பாத்திருப்பே."

அவள் மருந்துப் பாட்டிலை மூடினாள். "வண்டி நின்னுபோச்சுன்னுதான் எனக்குக் கோபம்னு நினைச்சுக்கிட்டா இத்தனை நாளும் இதோட மல்லுக்கட்டினீங்க?"

"வண்டியை விட்டுட்டு வந்திருக்கணும். தெரியும். அதை நினைச்சு நினைச்சு…"

"அதுவும்தான். ஆனா அது இல்ல." அவள் குரல் உயரவில்லை. "லாண்டரி ஆபீஸ்ல போன் இருக்கு. சூப்பர்வைசரம்மா எடுத்திருப்பாங்க. 'உங்கம்மாவுக்கு முடியலையாம், கிளம்பு'ன்னு சொல்லியிருப்பாங்க. வாசல்லயே பஸ். நான் பாட்டுக்குப் போயிருப்பேன்."

"யாரோ ஒருத்தர் வாயால நீ கேக்க வேண்டாம்னுதான்…"

"யார் வாயால கேட்டா என்ன? அம்மா உயிரோட இருக்கும்போது கேட்டிருப்பேனே."

அவர் மேசை மேல் இருந்த எண்ணெய்க் கறையை விரலால் தேய்த்தார்.

"அன்னைக்கு மத்தியானம் கூட வேலை செய்யற பொண்ணு ஒருத்தி ஏதோ சொன்னா. நான் சிரிச்சேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அங்க எங்கம்மா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க, இங்க நான் போர்வையை மடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறேன். உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

"தப்புத்தான்," என்றார். எட்டு மாதமாக அவர் வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் ஆயிலைப் பற்றியவை, சாலையைப் பற்றியவை, பூட்டைப் பற்றியவை. இதற்கென்று ஒரு வார்த்தையும் அவர் சேர்த்து வைக்கவில்லை. "தப்புத்தான்" என்று மறுபடியும் சொன்னார். அது மேசை மேல் விழுந்து அங்கேயே கிடந்தது.

"பின்ன ஏன் நேத்து வந்து ரிங்கைப் பிடிச்சே?" என்று கேட்டார் அவர்.

"பாவமா இருந்துச்சு," என்றாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் நிறுத்தம் வரை அவளுடைய பையை அவர் நொண்டிக்கொண்டே தூக்கி வந்தார். சில நாளுக்குச் சாமான் ஒழிக்கப் போகிறவள் எடுக்கும் பையைவிட அது கனமாக இருந்தது. கனத்தை அறிந்த கை அவருடையது. ஆனாலும் வழி நெடுக ஒன்றும் கேட்காமல் வந்தார்.

"வீட்டை ஒழிச்சு முடிக்க எத்தனை நாள் ஆகும்?" என்றார் நிறுத்தத்தில் நின்றதும்.

"நாலு நாள்."

"அப்ப வியாழக்கிழமை வந்துருவே."

"அக்கா கூட இருக்கச் சொல்றா. அந்த ஊர் ஆஸ்பத்திரி லாண்டரியிலயும் ஆள் எடுக்குறாங்களாம்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் பஸ் வரும் திசையைப் பார்த்தாள். "சாதம் ரெண்டு வேளைக்கு இருக்கு. காயத்துல தண்ணி படாம பாத்துக்கங்க."

பஸ் வந்தது. அவள் பையை வாங்கிக்கொண்டு ஏறினாள். படியில் நின்றபடியே திரும்பினாள்.

"உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா அக்கா வீட்டு நம்பருக்குப் பண்ணுங்க. யார் எடுத்தாலும் அவங்ககிட்டயே சொல்லிருங்க. எனக்குன்னு வெச்சுக்கிட்டு இருக்காதீங்க."

"சரி," என்றார்.

"சொல்லுவீங்களா?"

"சொல்லிர்றேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. அவள் எந்தப் பக்கத்து ஜன்னலில் இடம் பிடித்தாள் என்று பார்க்க அவர் நாலு எட்டு கூடவே போனார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. தூசி அடங்கும் வரை நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.